இரும்பு நாக்கும் ஒரு திருகாணியும்

முதன்முதலில் ஒலிபெருக்கி என்று தனியாக ஒன்று கிடையாது. காதோடு ஒட்டிவைத்துக் கேட்கிற டெலிபோன் குமிழ்தான் இருந்தது. ஒரே ஒரு காதுக்கு மட்டும் கிசுகிசுக்கிற அந்தக் குமிழின் மேல் யாரோ ஒரு பொறுமை கெட்ட ஆசாமி புனலை மாட்டிப் பார்த்திருக்கிறான். அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. அவ்வளவுதான் கதை. மற்றதெல்லாம் அந்தப் புனலுக்குப் பின்னால் நூறு வருஷமாக நடந்துவரும் ரிப்பேர் வேலை.

இதை என் மனைவியிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். நூறு தடவையும் அவள், "அத்த வுட்டா உனக்கு வேற பேச்சே இல்லியாய்யா?" என்றுதான் கேட்டாள். பிறகு அவள் கேட்பதும் நின்றுபோனது. போன வருஷம் புற்று வந்து அவள் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். பேசுவதற்கென்று ஒரு மெஷினைக் கொடுத்து அனுப்பினார்கள். அதை அவள் தொடவே இல்லை. அவள் வாயிலிருந்து ஒரே ஒரு சொல்லாவது சத்தமாக வராதா என்று எட்டு மாதம் காத்துக் கிடந்தேன். வராததற்குக் காரணம் அந்த மெஷின் என்று நினைத்தேன். அது ஒரு சின்ன ஸ்பீக்கர்தானே, ஸ்பீக்கரைப் பற்றி எனக்குத் தெரியாதா என்கிற திமிர் வேறு.

திமிருக்குக் காரணம் உண்டு. திருப்போரூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில், இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். மாதச் சம்பளம் என்பதை எங்கள் வீட்டில் முதலில் பார்த்தது நான்தான். அந்தச் சம்பளத்துக்கு நான் செய்த வேலை காந்தங்களைத் துடைப்பது, இசைக்கவைகளை வரிசையாக அடுக்குவது, பரீட்சை அன்று பையன்கள் உடைத்ததை ஒட்டவைப்பது. சட்டக் காந்தங்களைச் சும்மா பெட்டியில் போட்டுவிடக் கூடாது. இரண்டிரண்டாக எதிரும் புதிருமாக வைத்து, முனைகளில் ஒரு இரும்புத் துண்டைப் பாலம் போலப் போட்டுத்தான் மூட வேண்டும். இல்லாவிட்டால் விடுமுறை முடிந்து வருவதற்குள் பலம் குறைந்துவிடும். இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு ஒரு பித்து.

பித்து முற்றியது செங்கல்பட்டில் ஒரு காயலான் கடையில். பழைய மின்விசிறிகளுக்கும் சைக்கிள் சக்கரங்களுக்கும் அடியில் ஒரு தகரப் புனல் கிடந்தது. கழுத்து வளைந்து, வாய் விரிந்து, பெரிய ஊமத்தம்பூ மாதிரி. கடைக்காரர் அதை எடைக்குத்தான் கொடுத்தார். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "இன்னா அண்ணாத்த, கோயிலுக்கா?" என்று கேட்டார். "வூட்டுக்கு" என்றேன். அதற்குப் பிறகு திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை அவர் என்னோடு பேசவில்லை.

வீட்டுக்கு வந்து அதன் அடிப்பாகத்தைப் பிரித்தபோது எனக்கு உண்மையிலேயே நெஞ்சு அடித்துக்கொண்டது. உள்ளே ஒரு லாடக் காந்தம், இரண்டு கம்பிச் சுருள்கள். அவற்றுக்கு எதிரே, தொட்டும் தொடாமலும், சின்ன இரும்புத் தகடு ஒன்று நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. சுருளில் மின்சாரம் ஏறி இறங்கும்போது காந்தம் அந்த நாக்கை இழுக்கும், விடும். நாக்கு ஒரு மெல்லிய தகட்டை ஆட்டும். தகடு காற்றை ஆட்டும். புனல் அந்தக் காற்றை வாங்கி ஊருக்குச் சொல்லும். புனலுக்கு என்று சொந்தக் குரல் எதுவும் இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அதன் பின்னால் இருந்த திருகாணி. அதைத் திருகினால் காந்தம் நாக்குக்குப் பக்கத்தில் போகும், சத்தம் கூடும். ஆசைப்பட்டு இன்னும் திருகினால் நாக்கு போய்க் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், கரகர என்று இழுக்கும், பிறகு பேச்சே வராது. பயந்து விலக்கிவிட்டால் குரல் சுத்தமாக இருக்கும், ஆனால் யாருக்கும் கேட்காது. தலைமுடி அளவு இடைவெளிக்குள் அந்த ஸ்பீக்கரின் ஆயுள் முழுக்க அடங்கியிருந்தது. அந்தக் காலத்துக் குடும்பங்களில் சாயங்காலம் ரேடியோ போடும்போது யாராவது ஒருவர் போய் அந்தத் திருகாணியைத் திருகிச் சரி செய்திருப்பார்கள். அவர் யாராக இருந்திருப்பார், அப்பாவா, அக்காவா என்று யோசித்துக்கொண்டே எத்தனையோ மதியங்களைத் தூங்கியும் தூங்காமலும் கழித்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு. தோப்புக்கு அந்தப் பக்கம் கடல். கடல் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் வரும். காற்று சவுக்கில் நுழைந்து வரும்போது அது அலையா மரமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தச் சத்தத்துக்குள் பழைய ஸ்பீக்கரோடு உட்கார்ந்திருந்தால் எந்த வருஷத்தில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும்.

மறக்க விடமாட்டாள் என் மனைவி. புதுப்பட்டினம் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தவள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு அவளைத்தான் உதாரணம் சொல்ல வேண்டும். காலையில் நான்கு தெரு கேட்கிற மாதிரி கத்தரிக்காயை விற்றுவிட்டு வந்து, மிச்சக் குரலில் என்னைத் திட்டுவாள். நான் ஸ்பீக்கரில் குனிந்திருப்பேன். "காது கீதா இல்லியா உனக்கு? சோறு ஆறிப்போவுது." "தோ வரேன்." "தோ வரேன், தோ வரேன். அந்தப் பொட்டிய கட்டிகினு குடும்பம் நடத்து." இப்படி முப்பது வருஷம்.

அடுத்து ஒரு ஸ்பீக்கர் பெட்டி வீட்டுக்கு வந்தது. அதில் நாக்கு இல்லை, புனலும் இல்லை. காகிதக் கூம்பு ஒன்று, கூம்பின் கழுத்தில் ஒட்டிய சின்னச் சுருள். அந்தச் சுருள் ஒரு காந்தத்தின் இடுக்குக்குள் மேலும் கீழும் ஆடும். இன்றைக்குச் சட்டைப்பையில் இருக்கிற போன்வரை பெரும்பாலும் அதே ஏற்பாடுதான். ஆனால் அந்தக் காலத்தில் அதற்குப் போதுமான பலத்தோடு மலிவாகக் காந்தம் செய்யத் தெரியவில்லை. அதனால் ஒரு இரும்பு உருளையைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுக் கம்பி சுற்றி, அதற்குள் தனியாக மின்சாரம் விட்டு, இரும்பைக் காந்தமாக்கினார்கள். ஸ்பீக்கர் பேசுவதற்கு ஒரு மின்சாரம், பேசத் தகுதியாக இருப்பதற்கே இன்னொரு மின்சாரம். அதை நிறுத்தினால் காந்தம் செத்துப்போகும், வெறும் இரும்புதான். ஓடும்போது பெட்டி சூடாகும், பேச ஆரம்பிக்கும் முன்பே மெல்ல முனகும். "பேசறத்துக்கு முன்னாடியே இன்னாத்துக்கு மொனவுது? உங்க அம்மா மாதிரி கீது" என்றாள் அவள். எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. திரும்பிப் பார்க்காமலே சிரித்தேன்.

அப்புறம் தொண்டை கம்மியது. மார்க்கெட்டில் கத்திக் கத்தி வந்தது என்று அவளும் சொன்னாள், நானும் நம்பினேன். கம்மியது கம்மியபடியே நின்றது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். முதலில் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள். அதில் கழுத்து கறுத்து இறுகியதுதான் மிச்சம். கடைசியில் குரல்வளையை எடுக்க வேண்டும், எடுத்தால் பிழைத்துக்கொள்வார் என்றார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். அந்த வார்த்தையை எழுதும்போதே எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வேறு எதற்கும் நான் இவ்வளவு மனதார நன்றி சொன்னதில்லை.

கழுத்தின் அடியில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான். வாய்க்கும் மூக்குக்கும் காற்று வராது. அதனால் சூடான காப்பியை அவளால் ஊத முடியாது. கருவாட்டு வாசனை தெரியாது. அதை மட்டும் ஒரு வசதி என்று நோட்டில் எழுதிக் காட்டினாள். துளையை மூட ஒரு துணியைக் கழுத்தில் கட்டிக்கொள்வாள். சிரித்தால் வாயில் சத்தம் வராது, அந்தத் துணி படபடவென்று ஆடும்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் அந்த மெஷினைக் கொண்டுவந்தார். டார்ச் லைட் மாதிரி கையடக்கமாக இருந்தது. நுனியைக் கழுத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் உறுமும். அந்த உறுமல் தோல் வழியாகத் தொண்டைக்குள் போகும். வாயை ஆட்டினால் உறுமல் சொல்லாக மாறும். எனக்கு அங்கேயே புல்லரித்துவிட்டது. டெலிபோன் குமிழும் புனலும் சேர்ந்த முதல் ஸ்பீக்கர் இதுதானே! குமிழ் வெளியே இருக்கிறது, புனல் அவளுடைய வாய். நான் இதைச் சொல்ல ஆரம்பித்தபோது என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

அவள் ஒரு தடவை வைத்துப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். உறுமல்தான் வந்தது. மெஷினை என் கையில் திணித்துவிட்டு நோட்டில் எழுதினாள்: "எரும கத்துற மாதிரி கீது. எனக்கு வாணாம்."

"அவசரப்படுத்தாதீங்க சார், அவங்களுக்கே தோணும்" என்றார் அந்தப் பெண். நான் தலையை ஆட்டினேன். மனசுக்குள், குரல் ஆம்பிளைக் குரலாக இருக்கிறது, வெட்கப்படுகிறாள், அவ்வளவுதான், சுருதிக் கட்டையை இறக்கி ஏற்றினால் சரியாகிவிடும் என்று அப்போதே கணக்குப் போட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். மாமல்லபுரத்தைத் தாண்டியதும் சவுக்குகளின் நடுவே கடல் விட்டுவிட்டுத் தெரிந்தது. அவள் உதடுகள் அசைந்தன. யாரிடமும் இல்லை, கடலைப் பார்த்து. நான் எட்டிப் பார்த்தேன். என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. அன்றிலிருந்துதான் அவள் உதடுகளைப் படிக்கப் பழகினேன்.

எழுதுவது அவளுக்கு எரிச்சல். கோபத்தை எழுதி முடிப்பதற்குள் கோபம் போய்விடுகிறது என்று அதையும் எழுதித்தான் காட்டினாள். அதனால் உதடுதான். உதட்டைப் படிக்க வேண்டுமானால் எதிரே உட்கார வேண்டும், வெளிச்சம் அவள் முகத்தில் விழ வேண்டும். சாப்பிடும்போது எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். காப்பி குடிக்கும்போது வாசல் படியில், அவள் மேல் படி, நான் கீழ்ப்படி, அவளைப் பார்த்தபடி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை அவள் புருவம் ஏறி இறங்குகிறது என்பதை அப்போதுதான் கண்டேன். இடது கன்னத்தில் ஒரு சின்ன மச்சம். கல்யாணமான நாளிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறது.

கடையையும் அவள் விடவில்லை. விரலைக் காட்டியே விற்றாள். பேரம் பேச வந்தவர்கள், பேச முடியாதவளிடம் பேரமா என்று மனசு இளகி, காட்டிய விலைக்கே வாங்கிப்போனார்கள். வியாபாரம் முன்னைவிட நன்றாக நடந்தது. இதைச் சொல்லி அவள் சிரித்த அன்று கழுத்துத் துணி வெகுநேரம் படபடத்தது.

செங்கல்பட்டில் கட்டிக்கொடுத்திருக்கும் எங்கள் மகளுக்குத்தான் பொறுக்கவில்லை. வாரத்துக்கு நான்கு நாள் போன் செய்வாள். "நைனா, இன்னா பண்ணிகினு கீற நீ? வீடியோல அம்மா வாய மட்டும் ஆட்டிகினு கீறாங்க, எனக்கு ஒன்னும் புரிய மாட்டுது. போன வெச்சிட்டு அழுவுறேன் நான். அந்த மிஷின எட்த்து பேசச் சொல்லு நைனா." அம்மாவின் பேச்சைக் கேட்டே வளர்ந்தவள். அவள் அழுவது எனக்கும் தாங்கவில்லை. எனக்கும்தான் வீடு வெறிச்சோடிக் கிடந்தது. முப்பது வருஷம் திட்டு வாங்கிய காது சும்மா இருக்குமா?

ஆகவே மெஷினைப் பிரித்தேன். ஆழம் தெரியாமல் காலை விடுகிறோம் என்ற பயம் இல்லாமல் இல்லை. அதன் தலை மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே ஒரு சுருள், ஒரு சின்னக் காந்தம், ஒரு தட்டு. நூறு வருஷத்துப் பழைய நண்பர்கள் பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூடியை எவ்வளவு இறுக்குகிறோமோ அதைப் பொறுத்துத் தட்டின் இடைவெளி மாறியது. பக்கவாட்டில் கட்டையைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகாணி. என் ஊமத்தம்பூப் புனலின் திருகாணிக்குப் பேரப்பிள்ளை.

முதலில் வெளியே கசியும் உறுமலை அடக்க வேண்டும். சைக்கிள் டியூபை வட்டமாக நறுக்கி நுனியில் மாட்டினேன். கழுத்தோடு மெத்தென்று பதிந்தது. பிறகு எந்த இடத்தில் வைத்தால் சொல் தெளிகிறது என்று பார்க்க வேண்டும். அவள் கழுத்தைக் கேட்டால் கொடுக்கமாட்டாள். என் கழுத்தில்தான். தொண்டையை அடக்கிக்கொண்டு, மெஷினை வைத்துக்கொண்டு, வாயை மட்டும் ஆட்ட வேண்டும். வீட்டில் செய்தால் அவளுக்குக் கேட்கும் என்று சவுக்குத் தோப்புக்குள் போய்ப் பழகினேன். "கத்தரிக்கா. வெண்டக்கா. மொளகா." சாயங்கால வெயில் மரங்களுக்கிடையே கோடு கோடாகச் சாய்ந்திருக்கும். கால் புதைகிற மணல். என் வாயிலிருந்து வேறு யாரோ காய்கறி விற்றுக்கொண்டிருப்பார்கள். அது கனவா நனவா என்று எனக்கே சந்தேகம் வரும். அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்து நின்றார், சிலுவை போட்டுக்கொண்டார், ஆடுகளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்தது கட்டை. அவள் பழைய குரலின் கட்டைக்குக் கொண்டுவர வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அவள் குரல் எப்படி இருந்தது? கண்ணை மூடி யோசித்தேன். திட்டிய திட்டெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. சமையலறைப் பக்கமிருந்து, எனக்குப் பின்னால், இடது தோளுக்கு மேலாக அந்தக் குரல் வரும் என்பதும் ஞாபகம் இருந்தது. வந்த திசை தெரிகிறது, கட்டை தெரியவில்லை. ஸ்பீக்கர் ஸ்பீக்கராகக் கேட்டுப் பழகிய காது இது. சொந்தப் பெண்டாட்டியின் சுருதி நினைவில் இல்லை. வெட்கமாக இருந்தது.

மகளின் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அதில் எல்லார் வாயும் அசைகிறது, மேலே சினிமாப் பாட்டு ஓடுகிறது. வீடியோக்காரர்கள் பேச்சை எல்லாம் துடைத்தெடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டிருந்தார்கள். தாலி கட்டும்போது என் மனைவி யாரையோ அதட்டுகிறாள், பின்னால் புல்லாங்குழல். அந்த வீடியோக்காரனை அன்றைக்குப் பார்த்திருந்தால் உதைத்திருப்பேன். கடைசியில் மகளே தன் போனில் தேடி, அம்மாவிடமிருந்து எப்போதோ வந்த ஒரு குரல் செய்தியை அனுப்பினாள். ரொம்பச் சின்னது. "ஏய், கேஸ் சிலிண்டரு வந்துச்சா இல்லியா? நான் எத்தினி வாட்டி கேக்கறது? பதில் சொல்லித் தொல." அவ்வளவுதான். தோப்பில் உட்கார்ந்து அதை இருட்டும்வரை திருப்பித் திருப்பிப் போட்டேன். அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை. பள்ளியிலிருந்து விடைபெற்ற அன்று தலைமையாசிரியர் நினைவுப் பரிசாகக் கொடுத்த இசைக்கவை ஒன்று என்னிடம் உண்டு. அதை முழங்காலில் தட்டி, அவள் குரலுக்கு அது மேலா கீழா என்று கேட்டு, அதற்கேற்ப மெஷினின் திருகாணியைக் கடுகளவு கடுகளவாகத் திருகினேன்.

இதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து, சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் போனோம். டச்சுக்காரன் கோட்டை என்று பெயர், இப்போது சுவர்களும் புல்லும்தான். வெயில் தாழ்ந்திருந்தது. அவளை ஒரு இடிந்த படியில் உட்காரவைத்து, எதிரே நின்று, எனக்குத் தெரிந்த தந்திரமெல்லாம் செய்து பேசினேன்.

"இத கேளுமே. மிஷினு பேசல. அது சும்மா உறுமுது. பேசறது உன் வாயிதான். பொனலு நீ. அந்தக் காலத்துல மொதமொத ஸ்பீக்கரே அப்டித்தான்..."

அவள் ஏதோ சொன்னாள். சூரியன் அவளுக்குப் பின்னால் இருந்தது, முகம் நிழலாகத் தெரிந்தது.

"இன்னா? இன்னொரு வாட்டி சொல்லு."

எழுந்துவந்தாள். என் மோவாயைப் பிடித்து வெயிலைவிட்டு விலக்கி, முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். குழந்தைக்குச் சொல்வது போல நிதானமாக உதட்டை அசைத்தாள். எனக்கு இப்டியே நல்லா கீது.

"நல்லா கீதா? எனக்கு நல்லா இல்லமே!" என்று கத்திவிட்டேன். புல்லில் மேய்ந்த மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. என்னை ஆறுதல்படுத்தத்தான் அப்படிச் சொல்கிறாள், வெட்கத்தை மறைக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கழுத்துத் துணி ஆடியது. சிரிக்கிறாளா பெருமூச்சு விடுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடற்கரையோரமாக, வலைகளைத் தாண்டித் தாண்டி, பேசாமல் நடந்து பேருந்து நிறுத்தத்துக்கு வந்தோம். அவ்வளவு நிம்மதியாக நாங்கள் நடந்து எத்தனையோ வருஷம் இருக்கும். அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்று நான் அப்போது யோசிக்கவில்லை. என் மனசெல்லாம் அந்தத் திருகாணியில் இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மெஷின் தயார். இனித் திருக ஒன்றும் இல்லை என்று என் காதுக்குத் தெரிந்தது. கையில் கொடுத்தால் திருப்பித் தருவாள். அதனால் ஒரு மதியம், அவள் கடையிலிருந்து வருவதற்கு முன், சமையலறை அலமாரியில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். மேலே ஒரு காகிதத்தில், "கன்னத்துக்குக் கீழ, இடது பக்கம் வச்சுப் பாரு. கழுத்து வேணாம்" என்று எழுதியிருந்தேன். கரண்டில் இறுகாத சதை அவளுக்கு அங்கேதான் இருந்தது.

அவள் வந்தாள். கால் கழுவும் சத்தம், குக்கர் வைக்கும் சத்தம். நான் என் மேசையில், ஜன்னலைப் பார்த்தபடி, அந்த முனகுகிற பெட்டியின் காகிதக் கூம்பில் ஒரு கிழிசலை ஒட்டிக்கொண்டிருந்தேன். இல்லை, ஒட்டுவது போல உட்கார்ந்திருந்தேன். காற்று தோப்பில் ஏறி இறங்கியது. குழம்பு கொதிக்கும் வாசனை வந்தது. கண் செருகிக்கொண்டு போயிற்று. அலைச் சத்தம் கிட்டே வந்து, விலகி, மறுபடியும் கிட்டே வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"சோறு... ஆறுது... வா."

பின்னாலிருந்து, இடது தோளுக்கு மேலாக.

நான் அசையவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை. கரகரப்பு இல்லை. உறுமல் வெளியே கசியவில்லை, சைக்கிள் டியூப் நன்றாகப் பிடித்திருக்கிறது. 'று' மட்டும் கொஞ்சம் உடைகிறது. கட்டை அந்தக் குரல் செய்திக்குப் பக்கத்தில், மிகப் பக்கத்தில் இருந்தது. எட்டு மாதம் இதற்குத்தானே காத்திருந்தேன். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருக்க வேண்டாமா? நான் செய்தது வேறு. கண்ணை மூடிக்கொண்டு, ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு கையைத் தூக்கி, "அப்டித்தான்! அமுக்காத, லேசா வை. கொஞ்சம் கீய எறக்கு. இன்னொரு வாட்டி சொல்லு" என்றேன்.

கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"பாத்தியா" என்றது குரல். "நீ திரும்பல."

தூக்கிய கையை இறக்கினேன்.

"நான் பேசுனா... நீ என் மூஞ்சிய பாக்க மாட்ட. முப்பது வருசமா தெரியும். அதான்யா... இத தொடல."

அதற்குப் பிறகு மெஷின் நின்றுவிட்டது. அவள் அதைக் கோபமாகச் சொன்னாளா, கிண்டலாகச் சொன்னாளா, அழுதுகொண்டு சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் குரலுக்கு ஒரே கட்டைதான். கோபத்துக்கும் அழுகைக்கும் அதில் வித்தியாசம் கிடையாது, நான் எவ்வளவு திருகியிருந்தாலும் வந்திருக்காது. அது முகத்தில்தான் இருக்கும்.

நாற்காலியோடு சேர்ந்து திரும்பினேன்.